முதல் ஷிப்டு பஸ்ஸில் ஓர் ஏரி

எழுதிப் பிழைக்கிறேன் என்று சொன்னால் எல்லோரும் முதலில் என் மேசையைத்தான் விசாரிக்கிறார்கள். ஜன்னல் ஓரமா, காலையிலா சாயங்காலமா, டீ குடித்துக்கொண்டே எழுதுவீர்களா என்று. மேசை இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. அதன்மேல் இப்போது இட்லிப் பானையும் மடிக்காத துணியும் கிடக்கின்றன. நான் எழுதுவது கம்பெனி பஸ்ஸில்.

பாகூரில் கிளம்பி, தவளக்குப்பம் சந்திப்பில் எங்களை ஏற்றிக்கொண்டு, வில்லியனூர் வழியாகச் சேதராப்பட்டுத் தொழிற்பேட்டைக்குப் போகிற முதல் ஷிப்டு பஸ் அது. அபிஷேகப்பாக்கத்திலிருந்து வீட்டுக்காரர் என்னைப் பைக்கில் கொண்டுவந்து இறக்கிவிடும்போது இன்னும் விடிந்திருக்காது. பஸ்ஸுக்குள் விளக்கை அணைத்திருப்பார்கள். பாகூரில் ஏறுகிற என் சிநேகிதி எனக்கு ஜன்னல் சீட்டைப் பிடித்து வைத்திருப்பாள். நான் உட்கார்ந்ததும் என் தோளில் தலையைச் சாய்ப்பாள், அவ்வளவுதான், தூங்கிவிடுவாள். இப்படித் தூங்க எந்தச் சாமியிடம் வரம் வாங்கினாளோ என்று எனக்குப் பொறாமையாக இருக்கும்.

அவள் சாய்ந்தபிறகு அந்தத் தோளை அசைக்க முடியாது. வெளியே வயலும் பனியும் கலந்து, எது தரை எது வானம் என்று தெரியாமல் ஓடிக்கொண்டிருக்கும். எனக்குத் தூக்கமும் வராது, முழிப்பும் இருக்காது. அப்படி ஒரு விடியற்காலையில்தான் மனசுக்குள் ஒரு பூக்காரியைப் பார்த்தேன். பாகூர் ஏரிக்கு அடியில் வீடு கட்டிக் குடியிருந்தாள். தினமும் தலைமுடி நனையாமல் கரையேறி வந்து பூ விற்றாள். போனை வாயருகே வைத்து, கண்டதை மெல்லச் சொன்னேன். நான் சொல்லச் சொல்லப் போன் எழுதிக்கொண்டது. சாயங்காலம் வீட்டில் திருத்தி, கதை போடுகிற செயலி ஒன்றில் தொடராகப் போட்டேன்.

வில்லியனூர் மாதா கோயில் திருப்பம் வந்தால் சிநேகிதியின் கை தானாக எழும். நெற்றி, மார்பு, இரண்டு தோள். சிலுவை போட்டுவிட்டுக் கை மடியில் விழும். கண் திறக்காது. "தூக்கத்துல கூட உனக்கு மாதாவ தெரியுதாடி?" என்று இறங்கும்போது கிண்டல் செய்வேன். "பழக்கம்டி" என்பாள்.

கம்பெனியில் மருந்துப் பாட்டில்களுக்கு மூடி சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்கிற வேலை எனக்கு. கண் பாட்டிலில் இருக்கும், மனசு ஏரிக்கடியில் இருக்கும். யார் யாரோ படித்தார்கள். பூக்காரிக்குக் கல்யாணம் ஆகுமா என்று துபாயிலிருந்து ஒரு பெண் கேட்டாள். செயலிக்காரர்கள் அனுப்பும் பணம் மெல்ல மெல்ல என் சம்பளத்தைத் தொட்டது. அன்று ராத்திரி சோறு போட்டுக்கொண்டே வீட்டுக்காரரிடம் வேலையை விடப்போகிறேன் என்றேன்.

"இன்னாடி சொல்ற? மழைக்காலத்துல நெட்டே வராது, கத எங்க வரும்?" என்றார். அப்புறம் சோற்றைப் பிசைந்துகொண்டே, "சரி, அடுத்த பொங்கல் வரிக்கும் பாரு. ஆவலன்னா திரும்பப் போயிடு" என்றார். அடுத்த வாரமே மேசையும் வாங்கி வந்தார். வயலைப் பார்த்த ஜன்னலருகே அவரே போட்டுக்கொடுத்தார்.

கதை வரவில்லை.

ஜன்னலுக்கு வெளியே நாற்று பச்சையாக இருந்தது, கொக்கு நின்றது, காற்று வந்தது. எழுத இதைவிட என்ன வேண்டும் என்று வந்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். எனக்கு அவர்கள்மேல் எரிச்சலாக வந்தது. ஏரிக்குள் எட்டிப் பார்த்தால் வெறும் தண்ணீர்தான் தெரிந்தது. தொடரை நிறுத்தக் கூடாதே என்று பூக்காரிக்கு ஒரு மாமியாரைக் கொண்டுவந்து இரண்டு பேரையும் சண்டை போடவிட்டேன். படிக்கிறவர்கள் ஏமாறவில்லை. ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். துபாய்ப் பெண்ணும் போய்விட்டாள். டவுன் பஸ்ஸில் ஏறி வில்லியனூர்வரை சும்மா போய்வந்து பார்த்தேன். கண்டக்டர் சில்லறை கேட்டார், யாரோ பாட்டுப் போட்டார்கள், வெயில் முகத்தில் அடித்தது. பொங்கல் நெருங்க நெருங்கப் பயம் வந்தது. இனி என்னால் எழுத முடியாது என்று நினைத்து, துணி துவைக்கிற இடத்தில் உட்கார்ந்து அழுதேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தவளக்குப்பத்தில் மீன் வாங்கப் போனேன். சங்கரா மீனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு சிநேகிதி நின்றாள். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது.

"இன்னாடி இப்படி ஆயிட்ட?"

"பஸ்ல தூக்கமே வர்லடி. பக்கத்துல புதுசா ஒரு பொண்ணு. நல்ல பொண்ணுதான். ஒன்னும் பேச மாட்டா." மீன்காரம்மாவிடம் ஒரு கூறு எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். "ஆமா, அந்தப் பால்காரர் இன்னா ஆனாரு?"

"எந்தப் பால்காரர்?"

"சைக்கிள்ல கேனோட ஏரிக்குள்ள எறங்குனாரே, பூக்காரி வூட்டுக்குப் பால் ஊத்த. மணி அடிச்சிக்கினே எறங்குனாரு. போன்ல படிச்சா அவர மட்டும் காணோம்."

நான் மீன் பையைக் கீழே வைத்துவிட்டேன். பால்காரரை நான் யாருக்கும் காட்டவில்லை. யார் நம்புவார்கள் என்று சாயங்காலமே அழித்துவிட்டேன். அவர் இருந்தது அந்த இருட்டில், அந்த ஜன்னலோரத்தில் மட்டும்தான்.

"நீ தூங்கலயாடி?"

"எப்பிடித் தூங்கறது? பாதியில தூங்கிட்டா அப்புறம் இன்னா ஆச்சுன்னு தெரியாதே. நீ சொல்லி முடிச்சப்புறந்தான் எனக்குத் தூக்கமே வரும்."

இத்தனை நாளும் போனிடம் சொல்வதாக நினைத்துக்கொண்டிருந்தேன். சந்தோஷமா வெட்கமா என்று தெரியாமல் அந்த மீன்கடை வாசலிலேயே நின்றேன். கையில் ஈரம், கண்ணிலும்.

மறுநாளே ஆள் எடுக்கும் கான்ட்ராக்டரைப் போய்ப் பார்த்தேன். வாரத்தில் பாதி நாள்தான் வருவேன், முதல் ஷிப்டுதான் வேண்டும் என்றேன். இப்படிக் கேட்கிற ஆளை அவர் பார்த்ததில்லை போலிருக்கிறது. பாட்டில் மூடியில் எந்தக் குறையும் என் கண்ணுக்குத் தப்பாது என்பதால் சரி என்றார். "பொங்கலுக்கு முன்னாடியே தோத்துட்டியா?" என்று வீட்டுக்காரர் மெதுவாகக் கேட்டார். "இல்ல, எழுதத்தான் போறேன்" என்றேன். அவருக்குப் புரியவில்லை. ஆனாலும் விடியற்காலையில் எழுந்து பைக்கை எடுத்தார்.

பஸ்ஸில் புதுப் பெண் பின்சீட்டுக்கு மாறியிருந்தாள், ஜன்னல் சீட்டு எனக்காகக் காலியாக இருந்தது. உட்கார்ந்தேன். சிநேகிதி தோளில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். வயலும் பனியும் ஓடத் தொடங்கின. போனைக் கையில் எடுத்தேன். அதைப் பார்க்காமல், என் தோளைப் பார்த்துச் சொன்னேன்: "பால்காரர் ஏரிக்குள்ள எறங்கும்போது மணியடிச்சாரு. மேல இருந்த தவளைங்க எல்லாம் வழி விட்டுச்சு."

மாதா கோயில் திருப்பம் வந்தது. அவள் கை எழுந்தது. நெற்றி, மார்பு, இரண்டு தோள். இந்தமுறை கை மடியில் விழாமல் என் கைமேல் வந்து உட்கார்ந்தது.

"அப்புறம்?" என்றாள், கண்ணைத் திறக்காமலே.