பாலக்கரையில் ஒரு வெள்ளிக்கிழமைக் கறி

திருச்சி பாலக்கரையில் வீட்டின் முன்கட்டிலேயே ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை. மாட்டுக்கறி ஸ்டூ வேகும் வாசம்தான் என்னைப் பிடித்து இங்கே உட்கார வைத்திருக்கிறது. கடைக்கார மெகருன்னிசாம்மா சோம்பு, தேங்காய், மிளகாய் அரைத்த விழுதைச் சட்டியில் கரைத்து ஊற்றுகிறார். மருமகள் ஸ்டெல்லா போத்தனூர் ரயில்வே காலனியில் வளர்ந்த ஆங்கிலோ இந்தியப் பெண். தன் வீட்டு வழக்கப்படி அதிலேயே வினிகரும் உருளைக்கிழங்கும் சேர்க்கிறாள்.

“யாருக்கும்மா இவ்வளவு கவனிப்பு?” என்கிறேன்.

“சம்பந்தியம்மா வராங்க. கல்யாணமாகி நாலு வருஷமாச்சு, இன்னும் இந்த வாசப்படிய மிதிக்கல. இந்தச் சட்டிய நம்பித்தான் இருக்கேன். நீங்களும் துவா செய்யுங்க.”

இந்த மாதிரிப் பேச்சைக் கேட்கத்தான் நான் ஊர் ஊராகச் சுற்றுகிறேன்.

ஆட்டோவைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, கவுன் போட்ட ஓர் அம்மா உள்ளே வந்து நாற்காலி நுனியில் உட்காருகிறார். மெகருன்னிசாம்மா தட்டை வைக்கிறார்.

“ஆண்டவர் சிலுவையில உயிர்விட்ட நாளாச்சே, வெள்ளிக்கிழமை நான் கறி தொடுறதில்லையே! ஸ்டெல்லா, நீயுமா மறந்துட்ட?”

ஸ்டெல்லா நாக்கைக் கடித்துக்கொள்கிறாள். இந்த வீட்டில் வெள்ளிக்கிழமைதானே கறி நாள். மெகருன்னிசாம்மாவுக்குக் கண் கலங்கிவிடுகிறது.

அந்த அம்மா எழுந்துபோய்ச் சட்டியின் மூடியைத் தூக்கி முகர்ந்து பார்க்கிறார்.

“வினிகர் ஊத்தின கறி ஒரு ராத்திரி ஊறினாத்தான் ருசி. நாளைக்குச் சாப்பிடுறேன் சம்பந்தி,” என்கிறார். “ஸ்டெல்லா, அந்த ஆட்டோவ அனுப்பிடு.”