நாலு மணிக்குள் மூன்று பிரதி

கல்லூரி வாசலுக்கு எதிரே மூன்று கடைகள். ஒரு பக்கம் டீக்கடை, ஒரு பக்கம் செருப்புக் கடை, நடுவில் எங்கள் ஜெராக்ஸ் கடை. எங்கள் கடை என்று வாய் சொல்கிறதே தவிர, அது அண்ணியின் கடை. மெஷினை வாங்கிப் போட்டவன் என் அண்ணன்தான். ஆறு மாதம் உட்கார்ந்து பார்த்தான். பேப்பர் சிக்கினால் மெஷினை உதைப்பதைத் தவிர வேறு வித்தை அவனுக்கு வரவில்லை. திரும்ப வேன் ஓட்டப் போய்விட்டான். அடுத்த நாள் அண்ணி வந்து மெஷின் மூடியைத் திறந்து, சிக்கிய பேப்பரைக் கிழியாமல் எடுத்தாள். பதினொரு வருடமாக எடுத்துக்கொண்டே இருக்கிறாள்.

கடைச் சுவரில் ஒரு பட்டச் சான்றிதழ் லேமினேட் செய்து மாட்டியிருக்கும். அது என்னுடையது. ஆபீஸ் வேலை போய், அண்ணன் வீட்டோடு வந்து சேர்ந்தபோது நான் கொண்டுவந்த சொத்து அது ஒன்றுதான். டைப் அடிக்க ஆள் வேண்டும் என்று அண்ணி என்னைக் கடையில் உட்கார வைத்தாள். சான்றிதழையும் அவளேதான் ஆணி அடித்து மாட்டினாள். வருகிறவர்கள் அதைப் பார்ப்பார்கள், முன்னால் நிற்கும் அண்ணியைப் பார்ப்பார்கள், "நீங்க டிகிரியாக்கா?" என்பார்கள். அண்ணி வாயைத் திறப்பதற்குள் நான், "அது என்னுது" என்று சொல்லிவிடுவேன். ஒரு தடவைகூடத் தவறவிட்டதில்லை. அதில் எனக்கொரு அற்ப சந்தோஷம். அண்ணி படித்தது எட்டாவது. என்னை "ஏண்டி பட்டதாரி" என்றுதான் கூப்பிடுவாள், ஆனால் அதில் குத்தல் இருக்காது. குத்தல் எல்லாம் என் பக்கம்தான்.

மற்ற கடைகளில் "எத்தனை காப்பி?" என்று கேட்பார்கள். அண்ணி முதலில் கேட்பது "எத்தனை மணிக்கு?" எந்தத் துறையில் என்றைக்கு என்ன சமர்ப்பிக்க வேண்டும் என்று மேஜைக் காலில் கயிற்றால் கட்டிய ஒரு நோட்டில் எழுதி வைத்திருப்பாள். பேராசிரியர்களே மறந்த தேதிகள் அதில் இருக்கும். டீ குடிக்க வந்த பிள்ளைகளை இங்கிருந்தே, "வியாழக்கிழமை வைக்கணுமே, முன்னுரையாவது முடிஞ்சுதா?" என்று கேட்டு அவர்கள் குடிக்கும் டீயைக் கசக்க வைப்பாள். அவளுக்குப் பயந்து எழுதி முடித்தவர்களை எண்ணினால் ஒரு பஸ் நிறையும்.

ஆனால் யாருக்கும் ஒரு வரி எழுதித் தரமாட்டாள், என்னையும் தரவிட மாட்டாள். ஒரு பையன் வந்து இழுத்தான். "அக்கா, அவங்களுக்குத்தான் டைப்பிங் வருமே, அப்படியே ரெண்டு பக்கம் சொந்தமா..." அண்ணி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "உனக்குப் பசிச்சா நான் சாப்பிடவா?" என்றாள். பையன் அங்கேயே ஸ்டூலைப் போட்டு எழுதினான்.

இன்னொரு பழக்கமும் உண்டு. மை திட்டுத் திட்டாகப் படிந்த, கோணலாக விழுந்த பக்கங்களை அண்ணி எறியமாட்டாள். மத்தியானம் சாப்பிடும்போது ஒவ்வொன்றாகப் படிப்பாள். பூச்சிகள், வங்கிகள், பழைய கல்வெட்டுகள், எதுவானாலும் சரி. "முன்னும் இல்ல, பின்னும் இல்ல, இதுல என்ன அண்ணி புரியும்?" என்று நான் சிரிப்பேன். "முன்னாடி என்ன இருந்திருக்கும்னு யோசிச்சுப் பார்ப்பேன்டி" என்பாள். எனக்கு அது பைத்தியக்காரத்தனமாகத்தான் பட்டது.

போன கல்வியாண்டுக் கடைசியில் ஒரு நாள். இறுதியாண்டு ப்ராஜெக்ட் வைக்கிற நாள், நாலு மணிதான் கெடு. எதிரே கல்லூரியின் இரண்டாம் மாடியில் அதை வாங்கி வைக்கிற கிளார்க்குக்குப் பிள்ளைகள் வைத்த பேரே 'நாலு மணி'. நாலு அடித்து ஒரு நிமிடம் ஆனால், அழுதாலும் புரண்டாலும் ஜன்னல் திறக்காது. இரண்டு மணிக்கு ஒரு பெண் பென்டிரைவோடு வந்தாள். எப்போது கேட்டாலும் "நாளைக்குக்கா" என்பாள், அதனால் நான் அவளுக்கு 'நாளைக்கு' என்றே பேர் வைத்திருந்தேன். பேருந்து நிறுத்தங்களில் பெண்கள் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள் என்று பன்னிரண்டு நிறுத்தங்களில் உட்கார்ந்து கணக்கெடுத்து எழுதியிருந்தாள். எண்பத்து மூன்று பக்கம், மூன்று பிரதி. பக்க எண் போடவில்லை, மகராசி. அவளுக்கு வேலை உத்தரவு ஏற்கெனவே வந்துவிட்டது. ப்ராஜெக்ட் வைக்காவிட்டால் பட்டம் இல்லை, பட்டம் இல்லாவிட்டால் அந்த வேலையும் இல்லை.

அச்சடித்து முடித்து மொத்தக் கட்டையும் தூக்கிக்கொண்டு திரும்பினேன். என் கால் ஒயரில் மாட்டியது. இருநூற்று நாற்பத்தொன்பது தாளும் தரை முழுக்கப் பரவிவிட்டன, மேலே ஃபேன் வேறு. திரும்ப அடித்துவிடலாம் என்று பென்டிரைவைச் செருகினேன், கரண்ட் போய்விட்டது. தெருவுக்கே போய்விட்டது. டீக்கடைக்காரர் வெளியே வந்து கம்பத்தை அண்ணாந்து பார்த்தார், பார்த்தால் வந்துவிடுமா என்ன.

டீக்கடையிலிருந்து வந்த அந்தப் பெண் வாசலிலேயே நின்றுவிட்டாள். முகத்தில் ஈயாடவில்லை. "யாருக்கா கீழ போட்டது?" என்றாள்.

நான் குனிந்து தாளைப் பொறுக்க ஆரம்பித்தேன்.

"என் கை தவறிடுச்சும்மா" என்றாள் அண்ணி. "இப்ப மணி ரெண்டே முக்கால். உக்காரு."

அண்ணி தரையில் சம்மணமிட்டாள். "முதல்ல ஒரே மாதிரி இருக்கிற மூணு மூணைச் சேருங்க. வரிசையெல்லாம் அப்புறம்." அது சரியான யோசனை. மூவரும் சேர்ந்து இருபது நிமிடத்தில் முடித்தோம். பிறகு அண்ணி ஒரு பக்கத்தின் கடைசி வரியைப் படிப்பாள், கண்ணை மூடுவாள், குவியலுக்குள் கைவிட்டு அடுத்ததை எடுப்பாள். "'கைக்குழந்தையோடு நிற்பவர்கள்'னு நிக்குது. அப்ப அடுத்தது 'உட்கார இடமின்றி'. அதோ, உன் முட்டிக்குக் கீழ." நான் எடுத்துக் கொடுத்தேன். பட்டம் வாங்கிய நான் எடுபிடி. நாலைந்து இடத்தில்தான் அந்தப் பெண்ணையே கேட்க வேண்டியிருந்தது.

அண்ணி திடீரென்று நிறுத்தினாள். "நிறுத்தம் பன்னெண்டுன்னு எழுதியிருக்க. பதினொண்ணுதான் இருக்கு. ஒன்பதாவது எங்க?"

நான் மெஷினுக்கு அடியில் குனிந்தேன். "தேடாதடி. ஒண்ணு காணோம்னா கீழ கிடக்கும். மூணும் காணோம்னா அது அச்சாகவே இல்ல."

அந்தப் பெண் தலையில் அடித்துக்கொண்டாள். அந்தப் பக்கத்தை வேறொரு ஃபைலில் வைத்து, சேர்க்க மறந்திருக்கிறாள். கணக்கெடுத்த நோட்டு மட்டும் பையில் இருந்தது. மணி மூன்றரை. "ஆளுக்கு ஒண்ணு கையால எழுதிடலாம் அண்ணி" என்று பேனாவை எடுத்தேன்.

"அவ எழுதட்டும்."

"அண்ணி, நேரம்..."

"அவ நின்ன நிறுத்தம். அவ எழுதுவா. நீ பக்க எண் போடு."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது, பேசாமல் எண் போட்டேன். அந்தப் பெண் மூன்று தடவை எழுதினாள். அண்ணி துளைபோடும் கைமெஷினில் பதினைந்து பதினைந்து தாளாக வைத்து அழுத்தினாள். அதற்குக் கரண்ட் வேண்டாம், தோள் வேண்டும். சுருள் கம்பியைச் சுற்றி நுழைத்து, நுனியை மடித்து மூன்றாவதைக் கொடுக்கும்போது மணி மூன்று ஐம்பத்திரண்டு. பெண் செருப்பைக்கூட மாட்டாமல் சாலையைக் கடந்தாள்.

நாங்கள் வாசலில் நின்றோம். அண்ணி தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டே இரண்டாம் மாடி ஜன்னலையே பார்த்தாள். கடைசியில் ஜன்னலில் ஒரு கை தெரிந்தது. ரசீதை ஆட்டியது. அண்ணி "ம்" என்றாள். உள்ளே போய் அந்தச் செருப்பை ஓரமாக எடுத்து வைத்தாள்.

யார் கீழே போட்டது என்ற பேச்சை அவள் வீட்டிலும் எடுக்கவில்லை, என்னிடமும் எடுக்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை. எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

ஒரு மாதம் கழித்து அந்தப் பெண் அப்பாவோடு வந்தாள். வேலையில் சேர்ந்துவிட்டாளாம். அப்பா பஸ் டிரைவர். "என் பஸ்ஸுக்கு எத்தனை நிமிஷம் காத்திருந்தாங்கன்னும் எழுதிட்டாம்மா, மானம் போச்சு" என்று சிரித்தார். கடைக்குள் நாலைந்து பிள்ளைகள் நின்றார்கள். அவர் சுவரைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்துக் கும்பிட்டார். "படிச்சவங்க கையில மாட்டினதால பொண்ணு பொழைச்சா."

வழக்கம்போல நானே சொல்லட்டும் என்று அண்ணி என் பக்கம் திரும்பினாள்.

"அது என்னுதுங்க" என்றேன். "அன்னைக்குப் பேப்பரைக் கீழ போட்டதும் நான்தான். எங்க அண்ணி பழியைத் தன் மேல போட்டுக்கிட்டாங்க. எண்பத்து மூணு பக்கத்தையும் படிச்சுப் படிச்சு அடுக்கினது அவங்க. விட்டுப்போன பக்கத்தைக் கண்டுபிடிச்சதும் அவங்க. அவங்க எட்டாவது."

"ஏய், போதும்டி" என்றாள் அண்ணி. அவள் காது சிவந்துவிட்டது.

அவர் நம்பாமல் என்னைப் பார்த்தார். "எட்டாவதா?"

"எட்டாவதுதாங்க!" என்று நான் இன்னொரு தடவை, டீக்கடை வரைக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்.