ஷிப்டுக்குப் போன அம்மா

எங்கள் வீட்டில் ஷிப்டு என்றால் அப்பா வேலைக்குப் போவது. அவ்வளவுதான். திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையில் பாய்லர் பக்கம் அவருக்கு வேலை. ஒரு வாரம் காலை, ஒரு வாரம் மதியம், ஒரு வாரம் நைட்டு. நைட்டு வாரங்களில் அவர் பகலில் தூங்கவேண்டும் என்று, கல்மண்டபம் பகுதியில் இருந்த எங்கள் ஒற்றை அறை வீட்டில் நானும் அம்மாவும் ஜாடையிலேயே பேசிக்கொள்வோம். அப்படியும் அவர் தூங்கமாட்டார். புரண்டுகொண்டே இருந்துவிட்டு எழுந்து உட்கார்ந்துவிடுவார்.

பிளஸ் டூ முடித்து நான் டைப்பிங் வகுப்பில் சேர்ந்தபோது, மெஷினில் ஷிப்டு விசையை அமுக்கினால் எழுத்து பெரிதாக விழும் என்று அம்மாவிடம் சொன்னேன்.

"உங்கப்பனும் வருசக்கணக்கா சிப்டு அடிச்சிகினுதான் கீறாரு. இன்னா பெருசாச்சு?" என்றாள்.

அந்த மாதமே ஒருநாள் காலை, அப்பாவின் கூட்டாளி ஒருவர் சைக்கிளில் வந்து நின்றார். "அண்ணி, பயப்படாத. வேலைல மயக்கம் போட்டுட்டாரு. ஆஸ்பத்திரில சேத்துகீறோம்" என்று வார்டையும் ஜன்னலோரக் கட்டிலையும் சொன்னார். பஸ்ஸில் இடம் இருந்தும் அம்மா உட்காரவில்லை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கப் போனவளைப் பிடித்து நிறுத்தினேன்.

ஜன்னலோரக் கட்டில் காலியாக இருந்தது. விரிப்பைக்கூட உருவிவிட்டிருந்தார்கள். அம்மா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பக்கமாக வந்த நர்ஸ், "இந்த பேஷன்ட்டா? ஷிப்ட் பண்ணிட்டாங்களே" என்றார்.

"சிப்டுக்கா? மயக்கம் போட்ட மனுசனையா அனுப்பினீங்க?"

"அம்மா, வேற வார்டுக்கு மாத்திகீறாங்களாம்" என்று நான் அவள் கையைப் பிடித்தேன்.

"எந்த வார்டு? கேளு."

நர்ஸ் உதட்டைப் பிதுக்கினார். "தெரியலம்மா. நானே இப்பதான் ஷிப்டுக்கு வந்தேன்."

அவ்வளவுதான். அதற்குமேல் அம்மா எதையும் காதில் வாங்கவில்லை. முந்தின வருஷம் காய்ச்சலில் கிடந்த அப்பாவை ஆள் குறைகிறது என்று தொழிற்சாலையிலிருந்து கூப்பிட்டனுப்பினார்கள். அவரும் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போய்விட்டார். அது அவள் மனத்தில் இருந்திருக்கவேண்டும். இப்போதும் வேலைக்குத்தான் அனுப்பிவிட்டார்கள் என்று முடிவுகட்டி, படிகளில் தடதடவென்று இறங்கினாள். அப்பாவைத் தேடுவதா, இவளைத் துரத்துவதா என்று தெரியாமல் நின்றுவிட்டு, பின்னாலேயே ஓடி, அவள் ஏறிய திருவொற்றியூர் பஸ்ஸில் நானும் ஏறினேன்.

தொழிற்சாலை வாசலில் வாட்ச்மேன் எவ்வளவோ சொன்னார். "உன் வூட்டுக்காரு உள்ள இல்லம்மா."

"நீ இட்டாந்து காட்டு. நான் போறேன்" என்று அம்மா கேட்டைப் பிடித்துக்கொண்டாள்.

மதியச் சங்கு ஊதியது. காலை ஷிப்டு ஆட்கள் கும்பலாக வெளியே வந்தார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். கரி படிந்த முகங்கள் எல்லாம் எனக்கும் அப்பா மாதிரியே தெரிந்தன. கடைசியில் அப்பாவின் பிரிவைச் சேர்ந்த ஒருவர் எங்களை அடையாளம் கண்டு ஓடிவந்தார்.

"இங்க இன்னா பண்றீங்க? அவரை ஆஸ்பத்திரிலயே மேல்மாடில இருதய வார்டுல போட்டுகீறாங்க. இப்பதான் போன் வந்துச்சி."

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு அவரே எங்களை ஆட்டோவில் ஏற்றினார்.

அப்பா தலையணையில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். "எங்க போனீங்க ரெண்டு பேரும்? காலைலேர்ந்து வாசலயே பாத்துகினு கீறேன்."

"உன் சிப்டுக்குத்தான் போயிருந்தேன்" என்றாள் அம்மா. சொல்லிவிட்டு அழுதாள்.

அவர் தேறி வேலைக்குத் திரும்பியபோது, இனி நைட்டு கிடையாது, பகலில் ஜெனரல் ஷிப்டு மட்டும்தான் என்று தொழிற்சாலையில் சொல்லிவிட்டார்கள். எல்லோரும் நல்லது என்றோம். ஆனால் மாலையில் வீடு திரும்பியதும் அவருக்கு இருப்புக்கொள்ளாது. உட்காருவார், எழுவார், வாசலுக்குப் போய்த் திரும்புவார். "ஒரு எடத்துல உக்காரேன்யா" என்று அம்மா கத்துவாள். அவரால் முடியவில்லை. சில நாட்களில் அவளே செருப்பை மாட்டிக்கொண்டு, "வா, நடந்துட்டு வரலாம்" என்று மீன்பிடித் துறைமுகம் பக்கம் கூட்டிக்கொண்டு போவாள். அவர் முன்னால் வேகமாகப் போய்க்கொண்டிருப்பார். "மெதுவாப் போய்யா" என்று சொல்லிக்கொண்டே அவள் பின்னால் போவாள்.