முகாம் வாசலில் மாம்பழம்

முப்பத்தைந்து வருடமாக எங்கள் காணியை உள்ளே வைத்திருக்கும் இராணுவ முகாமின் வாசலில், ஒரு சிப்பாய் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் விற்றுக்கொண்டிருந்தார். மெலிந்த மனிதர். ஒவ்வொரு பழத்தையும் லேஞ்சித் துணியால் துடைத்து, காம்பு கீழே இருக்க அடுக்குவார். படையினரின் சம்பளம் போதுமா என்று நாடாளுமன்றம் உருகி உருகி விவாதித்த வாரம் அது.

“சம்பளம் கூட்டப் போறாங்களாமே. பிறகேன் வியாபாரம்?” என்றேன்.

“பத்தாது ஐயா,” என்றார் உடைந்த தமிழில். “ஊர்ல வீட்டு வாடகை கூடிப்போச்சு.”

மதிலுக்கு மேலால் தெரிந்த மாமரத்தைக் காட்டினேன். “உது அந்த மரத்துப் பழம்தானே? என்ரை அப்பா வைச்ச மரம். எங்கடை காணிக்கு என்ன வாடகை தாறியள்?”

அவர் சிரித்தார். நல்ல பழமாகப் பார்த்துத் துடைத்து, “காசு வேணாம்” என்று என் பையில் போட்டார். என் வீட்டுப் பழத்தை எனக்கே தானம் செய்த வள்ளல்.

அவருக்கு நான் ஏன் நன்றி சொன்னேன் என்பதுதான் இன்னும் விளங்கவில்லை.