கொதிநிலை அண்ணியும் கழுதைச் சீம்பாலும்

நாங்கள் வேலை பார்க்கும் பண்ணையில் என் அண்ணிக்குக் கொதிநிலை என்று பட்டப்பெயர். பால் சுடும் அறையில் கொஞ்ச நேரம் சும்மா நின்றால் நம்மையும் தூக்கிப் பாத்திரத்தில் போட்டுவிடுவாள் என்று கறவைக்காரர்கள் கிண்டல் செய்வார்கள். அவள் சிரிக்கவும் மாட்டாள், கோபப்படவும் மாட்டாள். கோபப்படுவது என் வேலை. ஒருத்தரையும் விடமாட்டேன், நன்றாகக் கேட்டுவிட்டுத்தான் வருவேன்.

அவள் அப்படி ஆனதற்குக் காரணம் இருந்தது. முதல் பிள்ளை தவழும் வயதில், யாரோ கொடுத்த பச்சைப் பாலைக் குடித்து வயிற்றுப்போக்கில் போய்விட்டான். அடுத்தவள் ஏழாம் மாதமே பிறந்து ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டியில் கிடந்தாள். அண்ணி வீட்டில் பீய்ச்சிய தாய்ப்பாலைப் பிளாஸ்கில் எடுத்துக்கொண்டு தினமும் ஓடினாள். அவளும் கிருமி தொற்றித் தங்கவில்லை. அதன் பிறகு என் அண்ணன் வீட்டில் அதிகம் பேசுவதில்லை. அண்ணியோ அடுப்பைப் பிடித்துக்கொண்டாள். குடிக்கிற தண்ணீர், தட்டு, கரண்டி, எல்லாம் கொதித்தாக வேண்டும்.

எங்கள் பண்ணையில் கறப்பது கழுதைப் பால். மாட்டுப் பால் ஒத்துக்கொள்ளாத குழந்தைகளுக்கு வாங்கிப் போகிறார்கள். கழுதைக்கு மடி சின்னது, ஒரு தடவைக்கு ஒரு சொம்பு தேறினால் பெரிய விஷயம். குட்டியைத் தடுப்புக்கு அந்தப் புறம் கண்ணெதிரே நிறுத்திக் கறக்க வேண்டும், இல்லாவிட்டால் தாய் பாலை விடாது. கறந்ததை வடிகட்டி, பாத்திரத்தோடு வெந்நீர்த் தொட்டிக்குள் இறக்கி, வெப்பமானியைப் பார்த்துப் பார்த்துக் கிளறி, உடனே ஐஸ் தண்ணீரில் ஆறவைக்க வேண்டும். அண்ணி கை பட்ட பால் கெட்டுப்போனதாக ஒரு புகார் வந்ததில்லை. பண்ணைக்கார அம்மாவுக்கு அவள்மேல் ஏக நம்பிக்கை.

சீம்பால் சங்கதி வேறு. தாய் செத்த குட்டிக்கு ஆபத்துக்கு உதவட்டும் என்று, ஈன்ற மற்ற கழுதைகளிடம் மிஞ்சியதைப் பிடித்து ஃப்ரீசரில் வைப்போம். அதை அறுபது டிகிரிக்கு மேல் சூடாக்கவே கூடாது என்று மாட்டு டாக்டரம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அண்ணிக்கு அது மண்டையில் ஏறவில்லை.

"அறுபதுல என்ன கிருமி சாகும்? அந்தச் சூட்டுல காபி குடுத்தாலே ஆறிப்போச்சுன்னு திருப்பிக் குடுப்பாங்க" என்றாள் என்னிடம். வழக்கம்போல் புலம்புகிறாள் என்றுதான் நினைத்தேன்.

ஃப்ரீசரில் வைக்கும் முன் அவள் அதையும் கூடுதலாகச் சுட்டதை யாரும் கண்டுபிடிக்கவும் வழியில்லை. மாட்டுச் சீம்பாலாக இருந்தால் கட்டியாகிக் காட்டிக்கொடுத்துவிடும். கழுதையுடையது அவள் வைத்த சூட்டில் தண்ணியாகவே இருந்தது.

மழை பெய்த ஒரு காலையில் சாம்பல் நிறக் கழுதை ஈன்ற கையோடு ரத்தம் கொட்டிச் செத்துப்போனது. குட்டி படு சுட்டி. கால் ஊன்றி நிற்பதற்குள் என் சட்டைக் கையைப் பிடித்துச் சப்ப ஆரம்பித்துவிட்டது. அண்ணி ஃப்ரீசரிலிருந்து புட்டிகளை எடுத்து, உருகவைத்து, அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு கொடுத்தாள். ஒரு சொட்டு விடாமல் உறிஞ்சியது.

"இவன் பொழைச்சுக்குவான் பாரு" என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு தெளிச்சியைப் பார்த்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. அன்று சாயங்காலம் பாத்திரம் கழுவும்போது பாட்டு வேறு பாடினாள்.

இரண்டே நாளில் குட்டியின் முழங்கால்கள் வீங்கிவிட்டன. உடம்பு அனலாய்க் கொதித்தது. டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டுத் திகைத்துப்போனார். நோயை எதிர்க்கிற சத்து இம்மியும் இல்லையாம். கழுதைக் குட்டிக்கு அது தாய் வயிற்றுக்குள் கிடைக்காது, பிறந்த அன்றைக்குக் குடிக்கிற சீம்பாலில் வந்தால்தான் உண்டு என்றார். சீம்பால் கொடுத்தீர்களா, இல்லையா என்று என்னைப் பிடித்து அதட்டினார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணி முந்திக்கொண்டாள்.

"வயிறு முட்டக் குடுத்தேன் டாக்டர். அதுவும் எழுபதத் தாண்டிச் சுட்டு, ரொம்ப நேரம் அப்படியே வச்சு எடுத்தது. ஒரு கிருமி இருக்காது."

டாக்டரம்மா திட்டவில்லை. கிருமியைக் கொல்ல அவள் வைத்த சூட்டில் சீம்பாலின் காப்புச் சத்தும் வெந்துபோயிருக்கும், குட்டி குடித்தது வெறும் ஆகாரம்தான் என்று மெதுவாகச் சொன்னார். வேறொரு கழுதையின் ரத்தத்தைத் தெளியவைத்து, மேலே தெளிந்த நீரைக் குட்டிக்கு ஏற்றிப் பார்த்தார். கைமீறிப் போய்விட்டது. பொழுது சாய்வதற்குள் குட்டி அண்ணியின் மடியிலேயே அடங்கிவிட்டது.

கறவைக்காரர்கள் கலைந்து போன பிறகும் அண்ணி எழுந்திருக்கவில்லை. பையை மூடிக்கொண்டிருந்த டாக்டரம்மாவைக் கூப்பிட்டாள்.

"பெத்தவளோட பாலும் இப்படித்தானா டாக்டர்? சுட்டா அதுல இருக்கறதும் போயிடுமா?"

டாக்டரம்மா ஆறுதலாகத்தான் சொன்னார். "மனுஷக் குழந்தைங்க இப்படி இல்லம்மா. கடைசி மாசங்கள்ல அம்மா வயித்துலயே நிறைய வாங்கிட்டுத்தான் வெளிய வரும்."

அவள் எதற்குக் கேட்கிறாள் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"எம் பொண்ணு அந்தக் கடைசி மாசத்தப் பாக்கவே இல்லையே" என்றாள் அண்ணி. "தினமும் கொதிக்க வச்சு, ஆறவச்சுத்தான் கொண்டு போனேன். நர்சுங்களுக்குக்கூடத் தெரியாது."

டாக்டரம்மா பையைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். எனக்கு அவளைப் போட்டு உலுக்க வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. குட்டியை அவள் மடியிலிருந்து எடுத்துக் கீழே கிடத்தினேன்.

வீட்டு வாசலுக்கு வந்ததும் அண்ணி என் கையைப் பிடித்து நிறுத்தினாள். உள்ளே அண்ணன் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது.

"உங்க அண்ணனுக்கு மட்டும் சொல்லிடாத" என்றாள்.

மனதில் பட்டதைச் சொல்லாமல் இருக்க முடியாதவள் என்று ஊரெல்லாம் பெயர் வாங்கியவள் நான். இன்றுவரை சொல்லவில்லை.