உப்பின் மேல் போட்ட பழி

மார்க்கர் பேனாவைத் திறந்ததும் வரும் அந்த ஸ்பிரிட் வாசனை எனக்கு ஆகாது. நேற்று மில்லர்புரம் வீட்டில் மகள் அட்டையில் ஏதோ எழுத மூடியைக் கழற்றினாள். எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன். அங்கே கடற்காற்று. அதுவும் ஆகவில்லை.

துறைமுகச் சாலையில் ஒரு சரக்குக் கிடங்கின் காவலுக்கு நான் பொறுப்பாக இருந்தேன். எங்களிடம் இரண்டு ரைஃபிள். ஒன்று குழல் மாற்றி வந்திருந்தது. தோட்டா உட்காரும் சேம்பரை அளந்து பார்த்துத்தான் வாங்கியிருக்க வேண்டும். நானோ மேல்பளபளப்பைப் பார்த்து ‘சரியாக உள்ளது’ என்று கையெழுத்திட்டேன். அந்த ரைஃபிளைச் சுமந்தவர் பட்டாளத்திலிருந்து வந்த காவலர் அண்ணாச்சி. என்னைவிட மூத்தவர். ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் துப்பாக்கியைத் துடைக்க உட்காருவார்.

சுடும் பயிற்சிக்குப் போன அன்று மூன்றாவது தோட்டாவைச் சுட்டதும் வெற்றுக்கூடு உள்ளேயே நின்றுவிட்டது. கூட்டை வெளியே இழுக்கும் போல்ட்டின் பிடியை இழுத்து இழுத்து உள்ளங்கை சிவந்ததுதான் மிச்சம். குண்டு தாங்கும் மணல்மேட்டை விட்டுக் குழலைத் திருப்பாமல், முன்வாய் வழியாகத் துடைப்புக் கம்பியை விட்டு, மெல்லத் தட்டி எடுத்தார் அண்ணாச்சி.

“அண்ணாச்சி, உப்பு கூடிப்போச்சுவே. கொஞ்சம் தண்ணி ஊத்தும்” என்றார் பக்கத்துக் காவலர். எல்லாரும் சிரித்தோம். ஜன்னல் கொண்டியோ சைக்கிள் செயினோ, இந்த ஊரில் எது இறுகினாலும் உப்பைக் கைகாட்டிவிடலாம். யாரும் மறுகேள்வி கேட்பதில்லை. நானும் அன்று மாலையே மேலிடத்துக்கு அறிக்கை எழுதினேன்: ‘உப்புக்காற்றுத் துரு. பராமரிப்புக் குறைவு.’ பராமரிப்பு அவர் பொறுப்பு.

மறுநாள் அண்ணாச்சி இரண்டு ரைஃபிளோடும் என் அறைக்கு வந்தார். வெடிமருந்து இல்லாத பயிற்சித் தோட்டா ஒன்றை, என் மேசை மேலிருந்த மார்க்கரால் முழுக்கக் கறுப்பாக்கி, ஊதி உலரவைத்து, இறுகிய ரைஃபிளுக்குள் செலுத்தினார். போல்ட்டை அழுத்தித்தான் மூட முடிந்தது. வெளியே இழுத்தபோது கறுப்பின் நடுவே பித்தளை மின்னும் ஒரு வளையம்.

“துருன்னா அங்கன இங்கன கீறும் சார். இது பாருங்க, சுத்திவர ஒண்ணுபோல ஒரசிருக்கு. சேம்பர் இறுக்கம். குழல் மாத்துனவனுவ சின்னதா வெட்டிட்டானுவ.”

திரும்ப மை பூசி மற்ற ரைஃபிளில் போட்டுக் காட்டினார். மை அழியாமல் வந்தது. நான் தலையை ஆட்டினேன்.

மேலிடத்து முடிவு வர ஒரு வாரம் இருந்தது. திருத்தி எழுத ஒரு தாள் போதும். ஆனால் அந்தத் தாள் என் கையெழுத்தையும் கேள்வி கேட்கும். மார்க்கரை மூடி இழுப்பறைக்குள் போட்டேன். அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். புதிதாக வந்தவருக்கு மற்ற ரைஃபிளைக் கொடுத்தேன், ஏன் என்று சொல்லாமல். இறுகியதைப் பழுதுக்கு அனுப்பும்போதும் காரணம் என்ற கட்டத்தில் ‘துரு’ என்றே எழுதினேன்.

மகள் எழுதி முடித்து மூடியை அழுத்திய சத்தம் வாசல்வரை கேட்டது. நான் உள்ளே போகவில்லை. சீருடையை மடித்துக் கொடுத்துவிட்டு, கிடங்கு கேட்டில் அண்ணாச்சி திரும்பி நின்றதுதான் கண்ணில் நின்றது.

“என் வேலை போனா போவட்டும் சார். அடுத்து வாரவன்ட்டயாவது உள்ளதச் சொல்லிருங்க. அவசரத்துக்கு அந்தத் துப்பாக்கி தொறக்காது.”