ரேகை விழாத கை

கொதிக்கிற சோற்றுப் பானையை என் அத்தை துணியில்லாமல் இறக்குவாள். இரண்டு கைகளாலும் அதன் கழுத்தைப் பிடித்து, அவசரமே படாமல் அடுப்பிலிருந்து தூக்கி, தட்டால் மூடிக் கஞ்சியை வடிப்பாள். வீட்டுக்கு வந்த உறவுக்காரர்கள் வாயைப் பிளப்பார்கள். "அவளுக்குக் கை மரத்துப்போச்சு, ஒண்ணும் ஆவாது" என்று என் அப்பா சொல்வார், தானே பழக்கிய காளையைக் காட்டுகிறவர் மாதிரி. சின்ன வயதில் எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது. இப்போது நான் பெரம்பலூரில் ஒரு நர்சிங் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். நெருக்கடி வந்தால், காயம் பட்டால், உடம்பின் செல்கள் எப்படித் தங்களை மாற்றிக்கொள்கின்றன என்ற பாடம் வருஷா வருஷம் வரும். புத்தகம் அதைத் தகவமைப்பு என்று சாந்தமாகச் சொல்லிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுகிறது. எனக்கு அப்படிப் போக முடிவதில்லை. அத்தையின் கை நினைவுக்கு வரும், கூடவே கோபமும் வரும்.

எங்கள் ஊர் வரதராஜன்பேட்டைக்குப் பக்கம். சுற்றிலும் முந்திரித் தோப்புதான். அத்தை அப்பாவுக்கு நேர் இளையவள். மீன்சுருட்டியில் வாழ்க்கைப்பட்டு, குழந்தை இல்லாமல், கணவரும் போய்ச் சேர்ந்த பிறகு எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தவள். வந்த கையோடு கொட்டை உடைக்க உட்கார்ந்துவிட்டாள். வறுத்த முந்திரிக்கொட்டை மூட்டையாக வீட்டு வாசலுக்கே வரும். கல்லில் வைத்துக் கட்டையால் தட்டினால் பருப்பு வருவதற்கு முன்னால் ஓட்டிலிருந்து கறுப்பாக ஓர் எண்ணெய் கசியும். பட்ட இடம் வெந்துபோகும். அதனால் எங்கள் பக்கத்துப் பெண்கள் உட்காரும் முன் கை நிறையச் சாம்பலை அப்பிக்கொள்வார்கள். சாம்பல் கொஞ்சம் காப்பாற்றும். மிச்சத்தைத் தோல்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தோல் பார்த்துக்கொண்டது. மேலே அடிபட அடிபட, அடியில் இருக்கும் செல்கள் வேகவேகமாகப் பெருகும். செத்த செல்கள் மேலே அடுக்கடுக்காக ஏறி ஒரு தடித்த ஓடாக நிற்கும். உள்ளே இருப்பதைக் காப்பாற்றத்தான் இவ்வளவும். ஆனால் அந்த ஓட்டுக்குக் கூலி உண்டு. விரல் நுனியின் மேடுபள்ளம் தேய்ந்து மொழுமொழுவென்று ஆகும், சூடும் வலியும் உள்ளே போய்ச் சேராது. எங்கள் வீட்டில் இதைப் புரிந்துகொண்ட விதம்தான் வேடிக்கை. வலிக்காத கை என்றால் அதற்கு எதையும் கொடுக்கலாம். வெந்நீர் அண்டாவா, அத்தையைக் கூப்பிடு. நெல் அவிக்கிற பானையா, அத்தை. ஊரில் ஒரு விசேஷம் என்றால் பந்திக்குச் சமைக்கிற கோட்டை அடுப்பின் முன்னால் நிற்கவும் அவளைத்தான் அனுப்புவார்கள். சம்பந்தப்பட்டவளைக் கேட்டால், "பழகிப்போச்சு, வுடு" என்பாள்.

தாத்தா விட்டுப்போன தோப்பில் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் அத்தைக்கும் சம பங்கு. கூடப்பிறந்த பெண் தன் பங்கு வேண்டாமென்று விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுப்பது எங்கள் பக்கம் தாம்பூலம் மாற்றுவது போல, யாரும் யோசிப்பதில்லை. "ஒரு நாள் டவுனுக்கு வந்து கைய வச்சுட்டு வந்துடு புள்ள" என்றார் அப்பா. "வச்சுடறேண்ணே" என்றாள் அத்தை. பத்திர ஆபீசில் விரல் வைக்கிற மெஷின் அவளை ஏற்கவில்லை. பெருவிரலை வைத்தாள், ஆள்காட்டி விரலை வைத்தாள், ஈரத்துணியால் துடைத்து மறுபடி வைத்தாள். பத்து விரலும் பார்த்தாயிற்று. "ரேகையே இல்லீங்களேம்மா, என்ன வேலை பாக்குறீங்க?" என்று அங்கிருந்த பெண் கேட்டாள். சார்பதிவாளர் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு அப்பாவிடம் சொன்னார்: "கொஞ்ச நாளைக்கு இந்தக் கைக்கு வேலையே குடுக்காதீங்க. எண்ணெய் தடவுங்க. ரேகை வந்ததும் கூட்டிட்டு வாங்க."

அதற்கப்புறம் எங்கள் வீட்டில் நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. அப்போது நான் பெரம்பலூரில் ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். லீவுக்குப் போனால் அத்தை மகாராணி மாதிரி உட்கார்ந்திருக்கிறாள். கொட்டை மூட்டை வருவது நின்றுவிட்டது. பானை இறக்குவது அம்மா. பாத்திரம் கழுவுவது சித்தி. தங்கைக்கு ஒரு செருப்பு வாங்கிக் கொடுத்தறியாத அப்பா தேங்காயெண்ணெய் பாட்டிலோடு வந்து, "கைய நனைக்காத புள்ள, நல்லாத் தேச்சுக்க" என்று நிற்கிறார். சித்தப்பா தினமும் வந்து அவள் பெருவிரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுப் போகிறார். பயிர் எப்போது முற்றும் என்று பார்க்கிற பார்வைதான் அது. அத்தைக்கு முதலில் கூச்சமாக இருந்தது. அப்புறம் கறுப்பு ஓடு சில்லுச் சில்லாக உரிய ஆரம்பித்தது. அடியில் வெளிர்ந்த புதுத்தோல். நெருக்கடி நின்றால் செல் பழைய நிலைக்குத் திரும்பும், எல்லை மீறிக் கெட்டுப்போயிருந்தால்தான் திரும்பாது. அத்தையின் தோல் அந்த எல்லைக்கு இந்தப் பக்கம்தான் நின்றிருந்தது.

ஒரு காலையில் அம்மா காபி டம்ளரை நீட்டினாள். அத்தை வாங்கிய வேகத்தில் "அண்ணீ, சுடுது!" என்று கீழே வைத்தாள். அம்மாவுக்கு எரிச்சல். "உனக்கா சுடுது?" என்றாள். அத்தை விரலை ஊதிக்கொண்டாள். மறுபடி டம்ளரைத் தொட்டாள், கையை எடுத்தாள், மறுபடி தொட்டாள். பிறகு என் பக்கம் திரும்பி, "இத்தன வருசமும் இது சுட்டுக்கிட்டுத்தான இருந்துருக்கு? எனக்குத்தான் தெரியாம இருந்துருக்கு" என்றாள். அவள் கண் கலங்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

ரேகை வந்துவிட்டது என்று சித்தப்பா தீர்ப்புச் சொன்னதும் எல்லோருமாகப் போனோம். லீவில் இருந்ததால் நானும் போனேன். போன தடவை தகராறு செய்த விரல் என்பதால் முதலில் மெஷினில்தான் வைக்கச் சொன்னார்கள். ஒரே தடவையில் எடுத்துக்கொண்டது. அப்பா சித்தப்பாவைப் பார்த்துச் சிரித்தார். சார்பதிவாளர் பத்திரத்தைப் படித்துக் காட்டிவிட்டு வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார். "உங்க பங்க அண்ணன் தம்பிக்கு விட்டுக்குடுக்க உங்களுக்குச் சம்மதமாம்மா?"

"இல்லீங்க" என்றாள் அத்தை.

அப்பாவுக்குக் காதில் விழுந்தும் விளங்கவில்லை. "என்ன புள்ள சொல்ற? வூட்லயே பேசித்தான கூட்டியாந்தோம்?"

"அப்பத் தெரியலண்ணே. இப்பத் தெரியுது. என் பங்கு எனக்கு வேணும்."

"எத்தன நாளு உக்கார வச்சுச் சோறு போட்டோம்!" என்று சித்தப்பா கத்தினார். "அதுக்கு முந்தி எத்தன வருசம் நான் போட்டேன், அதயும் சொல்லு" என்றாள். குரல் நடுங்கியது, ஆள் நடுங்கவில்லை. எனக்கு அங்கேயே விசிலடிக்கத் தோன்றியது. சார்பதிவாளர் பத்திரத்தை மடித்து அப்பாவிடமே திருப்பிக் கொடுத்தார்.

ஊரில் பேசாத பேச்சில்லை. கூடப்பிறந்தவர்களை நடுத்தெருவில் நிறுத்தியவள் என்றார்கள். அத்தை தோப்போரம் கொட்டகை போட்டுக்கொண்டு தனியாகப் போனாள். பேச்சுவார்த்தை இழுத்து இழுத்து, கடைசியில் பாகப் பிரிவினை பதிவானது. அன்றைக்கு அவள் வைத்த விரலும் ஒரே தடவையில் விழுந்தது. இப்போது தன் மரத்துக் கொட்டையை அப்படியே விற்கிறாள். உடைத்துப் பருப்பாகக் கொடுத்தால் இன்னும் லாபம் என்று வியாபாரி ஆசை காட்டினால், "லாபம் வேணும்னா நீ உக்காந்து ஒடை" என்கிறாள்.

என் மாணவிகளுக்கு இந்தப் பாடத்தை நான் புத்தகத்தில் உள்ளபடியே நடத்துகிறேன், பரீட்சைக்கு அதுதான் வேண்டும். ஆனால் பழகிக்கொள்வதைப் பெரிய குணம் என்று யாராவது எழுதினால் சிவப்பு மையால் அடித்துவிடுவேன். அப்பா இன்னும் ஆற்றாமையோடு சொல்வார்: "மொத நாளே அந்த மெஷின் எடுத்திருந்தா முடிஞ்சிருக்கும்." உண்மைதான். அன்றைக்கு எடுத்திருந்தால் அத்தை மறுபேச்சில்லாமல் தலையாட்டியிருப்பாள். அப்பாவின் பங்கு அப்படியே இருக்கிறது. எனக்கும் ஒரு தம்பி இருக்கிறான். என்னை ஒரு நாள் டவுனுக்கு வந்து கை வைக்கச் சொல்லி அப்பா இதுவரை வாயைத் திறக்கவில்லை.